இயர்போன் கேட்ட நண்பனுக்கு

அன்பு நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நீயும் வீட்டில் அனைவரும் நலம் என்று அறிந்து மகிழ்ந்தேன். வேலைக்குப் போகவும் வரவுமாக நாள்தோறும் இரண்டு மணி நேரம் ரயிலில் கழிகிறது என்றும், அந்த நேரத்தை இசைக்குக் கொடுக்க விரும்புவதாகவும், வெளிச்சத்தம் உள்ளே வராத நல்ல இயர்போன் ஒன்றைத் தேர்ந்தெடுக்க நான் உதவ வேண்டும் என்றும் எழுதியிருந்தாய். ஒரு காதுக்கு எத்தனை டிரைவர், அதாவது ஒலியை உண்டாக்கும் உறுப்பு, இருந்தால் நல்லது என்பது உன் முதல் கேள்வி. அதற்குப் பிறகு வருகிறேன். அதைவிட முக்கியமான ஒன்றை நானே மிகவும் தாமதமாகத்தான் கற்றுக்கொண்டேன் என்பதால், அதை முதலில் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றுகிறது.

சென்ற மாதம் செவித்திறன் பரிசோதனை செய்துகொண்டேன். வரைபடத்தில் மற்ற இடங்களெல்லாம் சீராக இருக்க, வலது காதில் 4000 ஹெர்ட்ஸ் அருகே மட்டும் கோடு கீழே இறங்கி மறுபடி ஏறியிருந்தது. உரத்த ஒலியை நெடுநாள் கேட்டவர்களின் காதில் முதலில் தேய்வது பெரும்பாலும் அந்தப் பகுதிதான் என்று பரிசோதித்தவர் விளக்கினார். அதைக் கேட்டதும் என் பயண நாட்கள்தான் நினைவுக்கு வந்தன. பதினைந்து ஆண்டுகளாகப் பேருந்திலும் ரயிலிலும், காதின் வாயிலில் சும்மா ஒட்டிக்கொண்டிருக்கும் சாதாரண இயர்போனில் பாட்டுக் கேட்டவன் நான். அந்த வகை வெளிச்சத்தத்தைத் தடுப்பதே இல்லை. ஆகவே இரைச்சலைத் தாண்டிப் பாட்டுக் கேட்கும் வரை வால்யூமைக் கூட்டிக்கொண்டே போவேன். ஓடும் வண்டியில் அது உரக்க ஒலிப்பதாகவே தோன்றாது. வண்டி நிலையத்தில் நின்று இரைச்சல் அடங்கியதும் அதே பாட்டு காதை அறையும். அவசரமாகக் குறைப்பேன், வண்டி புறப்பட்டதும் மறுபடி கூட்டுவேன்.

இதன் கணக்கை இப்போதுதான் முழுமையாகப் படித்துப் பார்த்தேன். ஒலியின் ஆற்றல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் இரண்டு மடங்காகிறது. அதனால் அமெரிக்காவின் தொழில்சார் உடல்நல ஆய்வு நிறுவனம் 85 டெசிபல் ஒலியை நாளொன்றுக்கு 8 மணி நேரம் என்று வரையறுத்து, 88 டெசிபலுக்கு 4 மணி நேரமும் 91 டெசிபலுக்கு 2 மணி நேரமும் மட்டுமே பரிந்துரைக்கிறது. இசை கேட்பவர்களுக்கு உலகச் சுகாதார நிறுவனம் கூறும் அளவு இன்னும் கண்டிப்பானது: 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம். இப்போது உன் பயணத்தை எண்ணிப் பார். வண்டிக்குள் இரைச்சல் 80 டெசிபல் என்று வைத்துக்கொண்டால், தடுப்பில்லாத இயர்போனில் பாட்டைத் தெளிவாகக் கேட்க நீ 85 அல்லது 90 வரை ஏற்ற வேண்டியிருக்கும். காதை நன்றாக அடைக்கும் இயர்போன் அந்த இரைச்சலில் 25 டெசிபலைக் கழித்துவிட்டால், மிஞ்சும் 55 டெசிபலுக்கு மேலே, 65 அளவிலேயே பாடகரின் மூச்சுக்கூடக் கேட்கும். ஒலித்தடுப்பை நான் ஒரு வசதியாகக் கருதாமல் முதல் தேவையாகக் கருதுவது இதனால்தான்.

இந்தத் தடுப்பு எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால், பெட்டியில் மிகச் சிறிய பொருளாகக் கிடக்கும் டிப்பிலிருந்துதான், அதாவது காதுக்குள் போகும் ரப்பர் அல்லது நுரை முனையிலிருந்துதான் வருகிறது. சில ஆண்டுகளுக்கு முன் என் தகுதிக்கு மீறிய விலையில் ஓர் இயர்போன் வாங்கினேன். எல்லோரும் அதன் கீழ் ஒலியைப் புகழ்ந்திருந்தார்கள்; எனக்கோ மிருதங்கத்தின் தொப்பி ஒலி அட்டையைத் தட்டுவது போலக் கேட்டது, தம்புராவின் மந்தரம் இருந்த இடமே தெரியவில்லை. மூன்று மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு அதை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டேன். பின்னாளில் அவர் வீட்டில் அதே கருவியை அவர் பொருத்தியிருந்த பெரிய டிப்புடன் போட்டுக் கேட்டபோது, இழந்தது என்ன என்று புரிந்தது. டிப்புக்கும் செவிக்குழலுக்கும் இடையே மயிரிழை இடைவெளி இருந்தாலும் முதலில் கசிந்து போவது பாஸ், அதாவது கீழ் ஒலிதான். அதே இடைவெளி வழியாக வெளி இரைச்சலும் உள்ளே நுழைகிறது. என் இடது காதுக்கு நடுத்தர அளவு பொருந்துகிறது, வலது காதுக்குப் பெரியது வேண்டும். இரண்டு காதுகளும் ஒரே அளவாக இருக்க வேண்டியதில்லை என்ற எளிய உண்மை எனக்கு அதுவரை தோன்றவே இல்லை.

ஆகவே எதை வாங்கினாலும் டிப்புகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்க ஒரு மாலைப் பொழுதை ஒதுக்கு. எதிர்க் கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காது மடலை மேலும் பின்னுமாக மெல்ல இழுத்தால், வளைந்திருக்கும் செவிக்குழல் நேராகும். அப்போது டிப்பைச் செருக வேண்டும். நுரை டிப் என்றால் விரல்களுக்கிடையே உருட்டி மெலிதாக்கிச் செருகி, அது விரிந்து குழலை நிரப்பும் வரை அரை நிமிடம் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். சரியாகப் பொருந்தியதா என்று அறிய, ஒரே தாழ்ந்த சுருதியை ஒலிக்கவிட்டு, இயர்போனை விரலால் மெல்ல உள்ளே அழுத்திப் பார். அழுத்தும்போது பாஸ் கூடினால் அடைப்பு போதவில்லை என்று பொருள். சிலிகான் டிப் கழுவ எளிது, பல நாள் உழைக்கும். நுரை டிப் இன்னும் நன்றாக அடைக்கும், வலிக்காது, ஆனால் சில மாதங்களில் இறுகிப் போய்விடும், மாற்ற வேண்டும். என் தேர்வு நுரைதான். அது உச்ச ஒலிகளைச் சற்று மென்மையாக்கிவிடுகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். நீ வயலின் விரும்பி என்பதால் சிலிகானையும் போட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்.

காதை அடைக்கும் இந்த வகை இயர்போனின் பிறப்பே செவி ஆய்வோடு தொடர்புடையது என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. மீட் கில்லியன் என்ற செவியியல் அறிஞர் நிறுவிய எட்டிமோட்டிக் ரிசர்ச் நிறுவனம் செவித்திறன் பரிசோதனைக்காகக் காதுக்குள் செருகும் ஒலிக்கருவிகளை உருவாக்கியது. பிறகு 1991-இல் இசை கேட்பதற்கென்றே ஈஆர்-4 என்ற இயர்போனை வெளியிட்டது. மூன்று அடுக்கு ரப்பர் முனை செவிக்குழலின் உள்ளே ஆழமாகப் போகும் அமைப்பு அது. 35 முதல் 42 டெசிபல் வரை இரைச்சலைத் தடுக்கும் என்று அந்த நிறுவனம் குறிப்பிடுகிறது. அவ்வளவு ஆழம் எல்லோராலும் தாங்கக்கூடியது அன்று. எனக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் முடியவில்லை. அதற்கு அடுத்த நிலையில், ஷூர் நிறுவனத்தின் எஸ்ஈ215 போன்றவை ஆழம் குறைவாகவே போய், 37 டெசிபல் வரை தடுக்கும் என்று சொல்லப்படுபவை. நிறுவனங்கள் தரும் எண்கள் சிறந்த பொருத்தத்தில் கிடைப்பவை என்பதையும் மறந்துவிடாதே.

இப்போது உன் டிரைவர் கேள்விக்கு வருகிறேன். நான் மேலே சொன்ன இரண்டிலும் ஒரு காதுக்கு ஒரே ஒரு டிரைவர்தான். எஸ்ஈ215-இல் இருப்பது டைனமிக் வகை, அதாவது கம்பிச்சுருள் ஒரு சவ்வை அசைக்கும் குட்டி ஒலிபெருக்கி; ஈஆர்-4-இல் இருப்பது செவிக்கருவிகளிலிருந்து வந்த பேலன்ஸ்டு ஆர்மச்சர் வகை. டைனமிக்கில் பாஸ் உடல் கனத்தோடு வரும், ஆர்மச்சரில் சொல்லும் மீட்டும் கூர்மையாகப் பிரிந்து கேட்கும் என்று பொதுவாகச் சொல்லலாம். ஐந்தையும் எட்டையும் ஒரே கூட்டுக்குள் அடுக்கி, ஒலியைப் பங்கிட்டுக் கொடுத்து, அவை ஒரே குரலாக ஒலிக்கச் செய்வது கடினமான வேலை. அதைச் செய்யத் தெரிந்தவர்கள் செய்கிறார்கள், ஆனால் எண்ணிக்கையே தரம் ஆகிவிடாது. பெட்டியின் மேல் 5 ஹெர்ட்ஸ் முதல் 40,000 ஹெர்ட்ஸ் வரை என்று அச்சிட்டிருந்தாலும் அதற்கு மயங்காதே; மனிதக் காது கேட்பது ஏறத்தாழ 20 முதல் 20,000 வரைதான், அதிலும் நம் வயதில் மேல் எல்லை வெகுவாக இறங்கியிருக்கும்.

கவனிக்க வேண்டிய இடம் 3000 ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதி. திறந்த காதின் குழல், அதன் சுமார் இரண்டரை சென்டிமீட்டர் நீளத்தின் காரணமாக, அந்தப் பகுதியை இயல்பாகவே 10 டெசிபலுக்கும் மேலாகப் பெருக்கித் தருகிறது. குழலை இயர்போனால் அடைத்ததும் அந்தப் பெருக்கம் மறைந்துவிடுவதால், செய்பவர் அதைக் கருவியிலேயே திருப்பிச் சேர்க்க வேண்டும். குறைவாகச் சேர்த்தால் குரல் போர்வைக்குள்ளிருந்து வரும். மிகையானால் ஒவ்வொரு 'ச'வும் ஊசியாகக் குத்தும். நீ பல ஆண்டுகளாக அறிந்த ஒரு குரலைப் போட்டுக் கேள், அதுவே போதிய சோதனை. இரண்டு இயர்போன்களை ஒப்பிடும்போது மட்டும் வால்யூமைச் சமமாக்கிக்கொள். சற்று உரக்க ஒலிப்பது எப்போதும் நல்லதாகவே தோன்றும், நான் பலமுறை அதில் ஏமாந்திருக்கிறேன்.

நாய்ஸ் கேன்சலிங் பற்றியும் கேட்டிருந்தாய். போஸ் ஒலிக்கருவி நிறுவனத்தை நிறுவிய அமர் போஸ் 1978-இல் விமானப் பயணம் ஒன்றில் இரைச்சலால் இசை கெட்டதைக் கண்டு சிந்திக்கத் தொடங்கிய தொழில்நுட்பம் அது. மைக் கேட்கும் சத்தத்துக்கு எதிரான அலையை உண்டாக்கி அதை அழிக்கிறது. தாழ்ந்த, இடைவிடாத உறுமலை அது அருமையாக நீக்கும். பேச்சுக்குரல், குழந்தை அழுகை, பிரேக்கின் கிறீச்சொலி ஆகியவற்றை அடைப்புதான் நன்றாகத் தடுக்கும். உன் வண்டியில் பேச்சுக்குரல்தான் தொல்லை என்று எழுதியிருந்தாய். ஆதலால் நல்ல அடைப்புள்ள, ஒயருடைய ஒன்றையே நான் சொல்வேன். பேட்டரி முதுமையடைந்து கருவியே வீணாகும் கவலை அதில் இல்லை. கழற்றி மாற்றக்கூடிய ஒயராக இருக்கட்டும், முதலில் அறுவது அதுதான். ஒயர் சட்டையில் உரசினால் அந்தச் சத்தம் அடைத்த காதுக்குள் இடி போலக் கேட்கும். காது மடலுக்கு மேலாகச் சுற்றிப் போட்டால் பெரும்பாலும் நின்றுவிடும். அடைத்த காதோடு நடந்தால் உன் காலடியே தலைக்குள் முழங்கும், எனவே உட்கார்ந்திருக்கும்போது மட்டும் போடு. நிலையத்தில் தண்டவாளத்தையோ சாலையையோ கடக்கும்போது இரண்டையும் கட்டாயம் கழற்றிவிடு. வாரம் ஒருமுறை டிப்பைக் கழற்றித் துடைத்து, டிப் மாட்டும் குழாயின் நுனியில் உள்ள வலையில் காதுக்குறும்பி அடைத்திருக்கிறதா என்று பார். ஒரு பக்கம் மட்டும் ஒலி மங்கினால் பெரும்பாலும் காரணம் அதுதான்.

புதியது வாங்குமுன் ஒன்று செய். உன்னிடம் இப்போது இருக்கும், காதுக்குள் செருகும் அந்தப் பழைய இயர்போனின் டிப்பைக் கழற்றிவிட்டு, குழாயின் விட்டத்தை அளந்து எனக்கு எழுது. ஷூர், எட்டிமோட்டிக் குழாய்கள் 3 மில்லிமீட்டர் அளவில் மெல்லியவை, மற்ற பலவும் 5 அல்லது 6 மில்லிமீட்டர் இருக்கும். என்னிடம் இரு வகைக்கும் பொருந்தும் நுரை டிப்புகள் மூன்று அளவுகளில் பிரிக்காமல் இருக்கின்றன. அளவு தெரிந்த மறுநாளே அனுப்பிவிடுகிறேன். அவற்றைப் போட்டு ஒரு வாரம் ரயிலில் கேட்டுவிட்டு, வால்யூம் எத்தனை படி குறைந்தது என்று எழுது. அதன் பிறகு எதை வாங்கலாம் என்று இருவரும் சேர்ந்து முடிவு செய்வோம்.

உன் பதிலை எதிர்பார்த்திருக்கும்,
உன் பழைய நண்பன்