ஞாயிறு காலை மைக்குகளோடு வாருங்கள்

ஹாம் வானொலி (உரிமம் பெற்று வானொலிக் கருவியில் பேசிக்கொள்ளும் பொழுதுபோக்கு) நண்பர்களுக்கு வணக்கம்.

வரும் ஞாயிறு காலை 10 மணிக்குச் சத்துவாச்சாரியில் என் வீட்டு மாடியில் கூடுகிறோம். பேசி முடித்ததும் ‘பீப்’ ஒலிக்கும் சுற்றை வானொலிக் கருவியின் மைக்குக்குள் நாமே பொருத்தப்போகிறோம். பேசும்போது அழுத்தும் பொத்தானை விட்டாலும் எட்டுக் கால் ஏடிடைனி 85 சில்லு கால் நொடி ஒலிபரப்பைப் பிடித்துவைத்து, ஒலியை அனுப்பிய பிறகே விடுவிக்கும்.

1. மைக், கருவியின் கையேடு இரண்டும் தேவை. மைக் இணைப்பில் வருவது 5 வோல்ட்டா, 8 வோல்ட்டா என்று பார்த்துவையுங்கள். சில்லு 5.5-க்கு மேல் தாங்காது; 8 என்றால் அதை 5 ஆக்கும் 78எல்05 சேர்க்க வேண்டும்.

2. சில்லை நேரே மைக் கம்பியில் இணைக்காதீர்கள். நான் இணைத்தேன். மைக் தருவது சில மில்லிவோல்ட், சில்லு தருவது 5 வோல்ட், எதிர்முனை நண்பர் “ஆலைச் சங்கு ஊதுகிறதே?” என்றார். ஒலியைக் குறைத்து அனுப்ப ஆளுக்கு ஒரு 100 கிலோ ஓம் மின்தடை, 10 கிலோ ஓம் டிரிம்மர் (திருகி அளவை மாற்றும் மின்தடை), 0.1 மைக்ரோஃபாரட் மின்தேக்கி வாங்கிவாருங்கள்.

3. ரிப்பீட்டரை (நம் ஒலிபரப்பை வாங்கி மறுபடி அனுப்பும் நிலையம்) திறக்கும் 88.5 ஹெர்ட்ஸ் தொனியை இதில் எதிர்பார்க்க வேண்டாம். பல கருவிகளில் மைக் பாதை 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடும்.

4. சோதனை 50 ஓம் போலிச் சுமையில் (ஆன்டெனாவுக்குப் பதில் மாட்டும் மின்தடை) மட்டும். உரிமம் இல்லாதவர்கள் சாலிடர் வைக்கலாம், பொத்தானை அழுத்தக் கூடாது.

வருகிறவர்கள் வெள்ளி இரவுக்குள் பெயரையும் மைக் மாடலையும் இங்கே பதிவிடுங்கள். சில்லுகளை நான் வாங்கிவிடுகிறேன். 10 மணி என்றால் 10 மணி. உச்சிவேளையில் வேலூர் மாடியில் சாலிடர் தானே உருகிவிடும்.