பார்ட்லியின் நிலாவை விட்டுவிடுங்கள்

பழைய கறுப்பு வெள்ளைப் படங்களுக்கு வண்ணம் ஏற்றி வெளியிடுபவர்களுக்கு,

வணக்கம். நேரே விஷயத்துக்கு வருகிறேன். 1957-இல் வந்த 'மாயாபஜார்' படத்தில் 'ஆகா இன்ப நிலாவினிலே' பாட்டை ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு ஒருமுறை பாருங்கள், வண்ணம் ஏற்றாத பிரதியில். படகு நகர்கிறது, தண்ணீரில் வெளிச்சம் சிதறிக்கொண்டே கூட வருகிறது, சாவித்திரி முகத்தில் வெளிச்சம் எங்கே முடிந்து நிழல் எங்கே தொடங்குகிறது என்று யாராலும் கோடு போட்டுக் காட்ட முடியாது. இத்தனைக்கும் அந்த நிலவொளியில் நிஜ நிலாவுக்குப் பங்கே இல்லை. அத்தனையும் ஒளிப்பதிவாளர் மார்கஸ் பார்ட்லியின் கைவேலை.

1917-இல் இலங்கையில் பிறந்த ஆங்கிலோ-இந்தியர். வடபழனி விஜயா-வாகினி ஸ்டுடியோவில் 'பாதாள பைரவி', 'மிஸ்ஸியம்மா' என்று வரிசையாக எடுத்தவர். கடோத்கஜனாக ரங்காராவ் வாயைத் திறக்க லட்டு தானாகப் பறந்து உள்ளே போகிறதே, அதுவும் இவர் கேமராதான். கணினி என்ற பேச்சே இல்லாத காலம்! இன்றைக்கும் எங்கள் வீட்டுக் குழந்தைகள் அந்த இடத்தில் சிரிக்கிறார்கள், படத்தில் கலர் இல்லை என்று ஒருவரும் கேட்டதில்லை.

கறுப்பு வெள்ளைக்கு ஒளியமைப்பது தனிக் கணக்கு. நேரில் பளிச்சென்று வேறுபடும் சிவப்பும் பச்சையும் ஃபிலிமில் ஒரே சாம்பலாக விழுந்துவிடும், அதனால் புடவையையும் சுவரையும் பிரித்துக் காட்டுவது வெளிச்சத்தின் வேலை. நீங்கள் அந்தச் சாம்பலைப் பார்த்து, இது ரோஜா நிறமாக இருந்திருக்கும் என்று ஊகித்துப் பூசுகிறீர்கள். சரி, ஊகம் சரியாகவே இருக்கட்டும். அப்புறம் அந்த நிழலின் கதி? கண் முதலில் நிறத்துக்குத்தான் ஓடும், அவர் பார்த்துப் பார்த்து வைத்த வெளிச்சம் பின்னால் போய்விடும்.

கலர் கொடுத்திருந்தால் அவருக்கு எடுக்கத் தெரியாதா என்ன? 1965-இல் வந்த 'செம்மீன்' இருக்கிறதே, அந்தக் கடலையும் மணலையும் எடுத்தவர் இதே மனிதர்தான்.

'மாயாபஜா'ரின் தெலுங்கு வடிவம் 2010-இல் வண்ணத்தில் வந்தபோது கூட்டம் வந்தது, தெரியும். உங்கள் வியாபாரத்தைக் கெடுக்க எனக்கு ஆசையில்லை. கேட்பது இரண்டுதான். வண்ணப் பிரதி வரும் இடத்தில் எல்லாம் மூலப் பிரதியும், கீறல் நீக்கி, பக்கத்திலேயே கிடைக்க வேண்டும். விளம்பரத்தில் நடிகர் பெயர்களுக்குக் கீழே, 1993-இல் மறைந்த அந்த மனிதரின் பெயரையும் படிக்கிற அளவு எழுத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
பழைய படம் பார்க்கிற ஒருவன்