1944 பைனாகுலரிலிருந்து நீங்கள் கழற்றிய கண்ணாடி: புகார்

மதிப்பிற்குரிய முகாமையாளருக்கு,

கடந்த மாதம் உங்கள் ஸ்காபரோ கடையில் என் பழைய 7×50 பைனாகுலரைத் திருத்தக் கொடுத்தேன். உள்ளே வில்லைகளில் மங்கல் படிந்திருந்தது. இரண்டு குழாயும் ஒரே இடத்தைப் பார்க்காததால் காட்சி இரண்டாகத் தெரிந்தது. இந்த இரண்டையும் மட்டும் சரிசெய்யுங்கள், வேறெதிலும் கைவைக்க வேண்டாம் என்று பற்றுச்சீட்டிலேயே எழுதுவித்தேன்.

காட்சி இப்போது ஒன்றாகத் தெரிகிறது. நல்ல வேலை, அதற்குக் கொடுத்த 180 டொலரை நான் திருப்பிக் கேட்கவில்லை. ஆனால் வலது கண்பக்கத்தில் இருந்த அளவுக்கோடுகளைக் காணோம். தொலைபேசியில் கேட்டபோது, "கீறல் விழுந்த கண்ணாடி ஒன்று கிடந்தது, எடுத்துவிட்டோம்" என்றார் உங்கள் திருத்துநர்.

அது கீறல் இல்லை ஐயா, மில் என்ற சிறு கோண அலகில் அளக்கும் அளவுகோல். ஆயிரம் மீற்றருக்கு அப்பால் நிற்கும் ஒரு மீற்றர் உயரப் பொருள் அதில் ஒரு மில்லாகத் தெரியும். இரண்டு மீற்றர் உயரக் கதவு நான்கு மில்லை அடைத்தால், அது 500 மீற்றர் தூரத்தில் இருக்கிறது. தூரத்தைக் கணக்கிடத்தான் அந்தச் சிறு கண்ணாடியை வைத்தார்கள். அதை எடுத்துவிட்டால் இது வெறும் பைனாகுலர்தான்.

இது எங்கே செய்யப்பட்டது தெரியுமா? இதே ரொறன்ரோவில், லீசைட்டில். போர் வந்தபோது ஒளியியல் கண்ணாடி உருக்க கனடாவில் தொழிற்சாலை கிடையாது. 1940இல் அரசே ரிசர்ச் என்டர்பிரைசஸ் லிமிடெட் (ஆர்.ஈ.எல்.) என்ற நிறுவனத்தைத் தொடங்கியது. அடுத்த வருடமே அங்கே கண்ணாடி வார்த்தார்கள். ராடார் கருவிகளும் செய்தார்கள். வேலை செய்தவர்களில் ஏராளமானோர் பெண்கள். போர் முடிந்ததும், 1946இல், மூடிவிட்டார்கள். இந்த ஊரில் இருந்துகொண்டு அதன் பொருள் ஒன்றைக் கையில் பிடிப்பது எனக்குச் சின்ன விஷயமில்லை.

அப்புறம் அந்தப் பெயின்ற். தேய்ந்த கறுப்பைச் சுரண்டி, பளபளக்கும் புதுக் கறுப்பை அடித்திருக்கிறீர்கள். "ஆர்.ஈ.எல். கனடா 1944" என்ற பொறிப்பும், சி எழுத்துக்குள் அம்பு நிற்கும் கனேடிய இராணுவ முத்திரையும் பாதி நிரம்பிவிட்டன. யாரோ ஒருவர் வருடக்கணக்காகக் கழுத்தில் மாட்டித் தேய்த்த தேய்வு அது. இனி வராது. நான் கேட்காத இந்த வேலைக்கு 90 டொலர் எடுத்திருக்கிறீர்கள்.

அந்த 90 டொலரைத் திருப்பித் தாருங்கள். அளவுகோல் கண்ணாடியையும் அதைப் பிடித்திருந்த வளையத்தையும் தேடித் தாருங்கள், நானே வேறிடத்தில் பொருத்திக்கொள்வேன். கிடைக்காவிட்டால், கழற்றியது உங்கள் கடை என்று எழுத்தில் தாருங்கள். எனக்குப் பிறகு இதை வைத்திருக்கப் போகிறவருக்கு அது தெரிய வேண்டும். பொறிப்பில் நிறைந்த பெயின்றை எடுக்கிறேன் என்று மட்டும் சொல்லாதீர்கள், பைனாகுலரை மறுபடி உங்களிடம் தரமாட்டேன்.

சனிக்கிழமை காலை கடைக்கு வருகிறேன். அதுவரை வேலை மேசைக்குக் கீழே இருக்கும் குப்பைக்கூடையைத் தயவுசெய்து கொட்ட வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்