நந்திகளின் ஒர்கொய்யோட்

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் கிடைத்தது. மூத்தவளுக்கு வரன் கூடிவந்ததில் விஜயாவுக்கும் எனக்கும் ரொம்ப சந்தோஷம். தை மாதக் கல்யாணம் என்றால் கட்டாயம் வந்துவிடுவோம். இங்கே கென்யாவில், எல்டோரெட் நகரப் பள்ளியில் எனக்கு ஒப்பந்தத்தை நீட்டித்திருக்கிறார்கள். குளிர் பழகிவிட்டது.

ராஜாவும் கோட்டையும் இல்லாத, நந்தி என்ற கென்யப் பழங்குடி மக்கள் 1895 முதல் 1905 வரை வெள்ளைக்காரனை எப்படி எதிர்த்து நின்றார்கள் என்று கேட்டிருந்தாய். இங்கே பக்கத்து மாவட்டமே அவர்களுடையதுதான், அதனால் நானும் கொஞ்ச காலமாக இதையே படித்துக்கொண்டும் பெரியவர்களிடம் விசாரித்துக்கொண்டும் இருக்கிறேன்.

அவர்களுக்கு ஒர்கொய்யோட் என்று ஒருவர் உண்டு. தலாய் என்ற ஒரே குலத்தில்தான் அந்தப் பதவி. குறி சொல்வார், மழைக்கும் விளைச்சலுக்கும் சடங்கு செய்வார். எந்தப் படையெடுப்பானாலும் அவர் ஆசி தந்தால்தான் இளைஞர்கள் கிளம்புவார்கள், கவர்ந்துவரும் மாடுகளில் அவருக்குப் பங்கு போகும். ஆனால் அவர் அரசர் அல்ல. வயல் தகராறு, மாட்டுத் தகராறு எல்லாம் கொக்வெட் என்ற ஊர்க்கூட்டத்தில் பெரியவர்கள் உட்கார்ந்து பேசித் தீர்ப்பது. அதற்கு மேலே போர்ப்படைகளை ஒட்டி அமைந்த பொரோரியெட் சபைகள். ஒர்கொய்யோட்டின் ஆட்கள் அந்தச் சபைகளில் உட்காருவார்கள், மயோட்டிக் என்று பெயர். தனித்தனியாகக் கிடந்த படைகள் ஒரே சமயத்தில் ஒரே முடிவை எடுக்க முடிந்தது இந்த இணைப்பால்தான். உன் கேள்விக்குப் பாதி பதில் இதுவே என்று நினைக்கிறேன்.

தலாய் குலத்தின் மூதாதைகள் மசாய் மக்களிடமிருந்து வந்தவர்கள் என்று வழக்கு. அதனால் மரியாதையோடு பயமும் ஒரு விலகலும் எப்போதும் இருந்திருக்கின்றன. கிம்ன்யோலே அராப் துருகாட் என்ற ஒர்கொய்யோட்டின் கதையைக் கேள். அவர் ஆசி தந்து அனுப்பிய படை பெரும் அழிவோடு திரும்பியது, கூடவே பஞ்சமும் மாட்டு நோயும். பழி அவர் மேல் விழுந்தது. 1890-இல் அவருடைய மக்களே அவரைத் தடியால் அடித்துக் கொன்றார்கள். நெருப்பும் புகையும் கக்கும் இரும்புப் பாம்பு ஒன்று கிழக்கிலிருந்து வந்து மேற்கு ஏரியில் தண்ணீர் குடிக்கும் என்று அவர் முன்பே சொல்லியிருந்தாராம். மொம்பாசாவில் தொடங்கிய ரயில்பாதை 1901-இல் விக்டோரியா ஏரியைத் தொட்டது.

அவருக்குப் பிறகு மகன்களுக்குள் போட்டி. ஒருவர் நந்திகளின் உறவினமான கிப்சிகிஸ் மக்களிடம் போய் அங்கே ஒர்கொய்யோட் ஆனார். நந்தியில் நிலைத்தவர் கொய்டலெல் அராப் சமோய். அவர் காலத்தில்தான் அந்தப் பத்து வருஷப் போர். தந்திக் கம்பியை அறுத்து நகையாக்கினார்கள், தண்டவாள போல்ட்டுகளைக் கழற்றி ஆயுதமாக்கினார்கள். 1905 அக்டோபர் 19-ஆம் தேதி, சமாதானம் பேசலாம் என்று அழைத்து, மைனர்ட்ஸ்ஹாகன் என்ற ஆங்கிலேய அதிகாரி அவரைச் சுட்டுக் கொன்றார். கூட வந்தவர்களும் செத்தார்கள். விசாரணைகள் நடந்தன, அந்த அதிகாரி குற்றமற்றவர் என்று முடிந்தது. எனக்கு இதைப் படிக்கும்போதெல்லாம் கொதிக்கிறது முருகேசா. பேச வந்தவனைச் சுடுவதற்குப் போர் என்று பெயரா?

எனக்கு அதைவிடவும் மனசு ஆறாதது கொய்டலெலின் மகன் பர்சிரியன் அராப் மன்யெயின் கதை. நந்திகளிடம் ஆண்கள் எல்லாரும் வயதுக் குழுக்களாகப் பிரிந்திருப்பார்கள். ஏழு பெயர்கள், சுற்றிச் சுற்றி வரும். ஒரு குழு அடுத்த குழுவுக்குப் பொறுப்பை ஒப்படைக்கும் பெரிய சடங்கு உண்டு, காளை பலி கொடுப்பார்கள். 1923-இல் அது நடக்க இருந்தது. குடிசை வரி, பறிபோன நிலம், மாட்டுச் சந்தைக்குப் போட்ட தடை என்று ஜனங்கள் குமுறிக்கொண்டிருந்த நேரம். சடங்கு என்ற பேரில் கலகம் வரும் என்று பயந்து அரசு அதைத் தடை செய்து பர்சிரியனைப் பிடித்தது. அவர் வெளியே வந்தது 1964-இல். கென்யா 1963 டிசம்பரில் சுதந்திரம் அடைந்த பிறகுதான். மண்டேலா உள்ளே இருந்தது 27 வருஷம், இவர் நாற்பது! உலகத்துக்கு இவர் பெயர்கூடத் தெரியாது.

குலத்தையும் விடவில்லை. 1934-இல் கிப்சிகிஸ் பகுதித் தலாய் குடும்பங்களைக் கூண்டோடு குவாசிக்கு நாடு கடத்தினார்கள். கொசுவும், நோய் பரப்பும் செட்சி ஈயும் நிறைந்த ஏரிக்கரைப் பகுதி அது. தலைவனைக் கொன்றால் ஜனம் அடங்கும் என்பது வெள்ளைக்காரன் கணக்கு. ஒர்கொய்யோட்டை ராஜா என்று நினைத்ததால் வந்த கணக்கு அது. கொக்வெட் பாட்டுக்குக் கூடிக்கொண்டுதான் இருந்தது. வரி வசூலிக்கத் தாங்களே தலைவர்களை நியமித்துப் பார்த்தார்கள். சடங்கும் இல்லை, ஊர்க்கூட்டத்தின் ஒப்புதலும் இல்லை, அப்புறம் யார் மதிப்பார்கள்?

மைனர்ட்ஸ்ஹாகன் எடுத்துப்போன கொய்டலெலின் மூன்று கைத்தடிகளை அந்த அதிகாரியின் மகன் 2006-இல் திருப்பிக் கொடுத்தார். நந்தி ஹில்ஸில் கொய்டலெல் பெயரில் ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது. கொய்டலெலின் தலையை வெட்டி இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார்கள் என்பது நந்தி மக்களின் நம்பிக்கை. அதைத் திருப்பித் தரச் சொல்லி இன்றும் கேட்கிறார்கள். கேட்பதில் முழு நியாயம் இருக்கிறது.

நீ வந்தால் அந்த அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போகிறேன். ஜூனில் வேண்டாம், மழை அதிகம். ஜனவரி, பிப்ரவரி நல்லது. உன் சர்க்கரை அளவு எப்படி என்று எழுதாமல் விட்டுவிட்டாய். அடுத்த கடிதத்தில் அதை முதலில் எழுது.

அன்புடன்,
சண்முகம்