கண்மாய் மீன்பிடிப்போர் சங்கம்: பசலி 1434 ஆண்டறிக்கை

சபையோர் எல்லோருக்கும் வணக்கம். 2024 ஜூலை முதல் 2025 ஜூன் வரை சங்கத்தில் நடந்தவற்றை வாசிக்கிறேன். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். மார்கழிக் கூட்டம் ஏன் நடக்கவில்லை என்பது மேலூர் வட்டாரத்தில் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பாதிப்பேர் டங்ஸ்டன் சுரங்க எதிர்ப்புப் போராட்டத்தில் இருந்தோம். ஜனவரியில் அந்தச் சுரங்க ஏலம் ரத்தான பிறகுதான் கண்மாய்ப் பக்கம் திரும்பினோம்.

தண்ணீருக்குக் குறைவில்லை. பெரியாற்றுத் தண்ணீரும் ஐப்பசி மழையும் சேர்ந்து, மிகுதித் தண்ணீர் வெளியேறும் கலுங்கு வழிந்தது.

மீன்பாசி குத்தகை, அதாவது கண்மாயில் மீன் வளர்த்துப் பிடிக்கும் உரிமை, எடுத்தவர் வழக்கம்போல் கட்லா, ரோகு, மிருகால் குஞ்சு விட்டார். இவை தேங்கிய தண்ணீரில் இனம் பெருக்காது, விட்டால்தான் உண்டு. அதனால் தூண்டிலைக் கண்டால் அவருக்கு வயிறு எரிவது நியாயம்தான். ஆனால் விராலும் குறவையும் கெளுத்தியும் அயிரையும் அவர் விட்டவை அல்லவே! இதைச் சொல்லித்தான் பேசினோம். கலுங்கிலிருந்து இரண்டாம் மடை வரை உறுப்பினர்கள் தூண்டில் போடலாம், கட்லா வகை மாட்டினால் திருப்பி விட்டுவிட வேண்டும் என்று முடிவானது.

ஞாயிற்றுக்கிழமைகளில் மதுரையிலிருந்து தம்பிமார்கள் ரீல் தூண்டிலும் இரைக்குப் பிளாஸ்டிக் தவளையுமாக பைக்கில் வருகிறார்கள். நம் ஆட்களிடம் மண்புழுவும் மயிலிறகுத் தக்கையும்தான். யார் அதிகம் பிடிக்கிறார்கள் என்ற சண்டையை இங்கே ஆரம்பிக்க வேண்டாம். எனக்குக் கவலை விரால் பார்ப்பை, அதாவது குஞ்சுக் கூட்டத்தை, பற்றி. கோரை ஓரமாகத் தண்ணீர் மேல் செக்கச்செவேல் என்று குஞ்சுகள் கொசகொசவென மொய்க்கும். அடியில் தாயும் தகப்பனும் காவல் இருக்கும். அங்கே தவளையைப் போட்டால், இரைக்காக இல்லாவிட்டாலும், குஞ்சைக் காக்கப் பாய்ந்து கவ்வும். பிடிப்பது சுலபம். காவல் போன கொஞ்ச நேரத்தில் ஜிலேபி மீனும் மற்றதும் புகுந்து பார்ப்பைத் தின்று தீர்த்துவிடும். ஒரு விராலுக்கு ஒரு கூட்டமே போகிறது. பார்ப்போடு இருக்கும் விராலைத் தொட்டால் அந்தப் பசலி முழுக்கத் தூண்டில் கிடையாது என்று விதி போட்டோம். முதலில் மாட்டியவர் நம் நிர்வாகக் குழுக்காரர்தான். பெயர் வேண்டாம், தண்டனை அவருக்கும் உண்டு.

வேட்டை பற்றி இன்னும் கேட்கிறார்கள். கொக்கு, தாரா, கௌதாரி, முயல் எதற்கும் அனுமதி இல்லை. வாங்கித் தரவும் சங்கத்தால் முடியாது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தை 2022-இல் திருத்தி, சாதாரண வழக்குக்கே அபராதத்தை 25,000-லிருந்து 1 லட்சம் ரூபாய் வரை உயர்த்திவிட்டார்கள். 3 ஆண்டு வரை சிறையும் உண்டு. மயில் என்றால் இன்னும் கடுமை. பாரி வேட்டை என்று சாமி பேரைச் சொன்னாலும் கேஸ் கேஸ்தான். வேட்டங்குடி சரணாலயத்துப் பறவைகளுக்காகக் கொள்ளுகுடிப்பட்டிக்காரர்கள் தீபாவளிக்கு வெடியே போடுவதில்லை. நம் பிள்ளைகள் கவணைக் கீழே வைத்தால் போதும். நீர்க்காகம் குஞ்சு மீனைத் தின்கிறது என்றால், குத்தகைக்காரர் தகரம் தட்டி விரட்டிக்கொள்ளட்டும்.

வைகாசியில், குத்தகைக்காரர் பிடித்து முடித்த பிறகு, தண்ணீர் முழங்காலுக்கு இறங்கியதும் மீன்பிடித் திருவிழா. சாமி கும்பிட்டு, பெரியவர் வெள்ளைத் துண்டை வீசியதும் ஊத்தா, கச்சா, பறி என்று மீன் பிடிக்கும் கூடை, வலைகளோடு சனம் இறங்கியது. வழக்கப்படி யாரும் விற்கவில்லை. அன்று ஊர் முழுக்க மீன் குழம்பு. அயிரை கிடைத்தவர்கள் உயிரோடு பாலில் விட்டு மண்ணைக் கக்க வைத்தார்கள். ஆப்பிரிக்கக் கெளுத்தியும் சில அகப்பட்டன. 2000-லிருந்து தடை உள்ள மீன். எந்தப் பண்ணையிலிருந்து தப்பி வந்ததோ, குழி வெட்டிப் புதைத்துவிட்டோம்.

மேலமடைப் பள்ளத்தை மட்டும் கயிறு கட்டி விட்டுவைத்ததில் பலருக்குக் கோபம். ஆனால் அடுத்த மழைக்கு விரால் விதை அங்கிருந்துதான் வர வேண்டும். கயிறு இந்த ஆண்டும் கட்டப்படும். கொசுவலை, சேலை கொண்டு அரிப்பதைத் தடுப்பதில்தான் குழுவுக்குள் ஒத்த கருத்து வரவில்லை. ‘பொம்பளைகளுக்கு ஊத்தா தூக்க முடியுமா?’ என்று கேட்கிறார்கள், அதுவும் சரிதான். ஆனால் கொசுவலையில் அயிரைப் பொடிகூட மிஞ்சாது. சபையே கை தூக்கி முடிவு செய்யட்டும். அதன் பிறகு பொருளாளர் கணக்கை வாசிப்பார்.

செயலாளர்