கமலத்துக்கு ஒரு கடிதம்

பட்டர்வொர்த்

அன்புள்ள கமலம்,

உன் கடிதம் கிடைத்ததிலிருந்து மருமகள் நினைப்பாகவே இருக்கிறேன். ஐந்தாம் மாதத்தில் மார்பில் புற்றுநோய் என்றால் அந்தப் பெண் எப்படித் தாங்குவாள்! செந்தூல் சொந்தங்களில் பாதிப் பேர் கருவைக் கலைக்கச் சொல்கிறார்கள், மீதிப் பேர் பிரசவம் வரை மருந்தே கூடாது என்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். அவர்கள் சொல்லும் இரண்டைத் தவிர வேறு வழியே இல்லை என்று நினைத்துவிடாதே.

மருந்தகத்தில் இருந்த காலத்தில் நான் புரிந்துகொண்டது, எந்த மருந்து என்பதோடு எந்த மாதம் என்பதையும் பார்க்க வேண்டும். முதல் மூன்று மாதங்களில் பிள்ளையின் உறுப்புகள் உருவாகின்றன. அப்போது கீமோ, அதாவது புற்றுநோய் அணுக்களை அழிக்கும் மருந்து, கொடுப்பதைத் தவிர்ப்பார்கள். அவள் அதைத் தாண்டிவிட்டாள். டாக்சோரூபிசின், சைக்ளோபாஸ்பமைடு என்ற கீமோ மருந்துகள் இந்தக் கட்டத்தில் கர்ப்பிணிகளுக்குக் கொடுத்துப் பழக்கப்பட்டவை. பெல்ஜியத்து டாக்டர் அமாண்ட் குழுவினர், கர்ப்பத்தின்போது புற்றுநோய் வந்த தாய்மாரின் 129 பிள்ளைகளைப் பரிசோதித்து 2015-ல் முடிவை வெளியிட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் வயிற்றிலேயே கீமோவைச் சந்தித்தவர்கள். அறிவு வளர்ச்சியிலும் இதயத்திலும் மற்றப் பிள்ளைகளோடு பெரிய வித்தியாசம் இல்லை. பின்தங்கியிருந்தது குறைமாதத்தில் பிறந்த பிள்ளைகள்தான். அதனால் சிகிச்சைக்காகப் பிரசவத்தை அவசரப்படுத்தலாம் என்று யாராவது சொன்னால், ஏன் என்று கட்டாயம் கேளுங்கள்.

எல்லா மருந்துக்கும் இது பொருந்தாது, கமலம். டிராஸ்டூசுமாப் என்ற மார்புப் புற்றுநோய் மருந்து, பிள்ளையைச் சுற்றியிருக்கும் பனிக்குட நீரை வற்ற வைக்கும். தமொக்சிஃபென், மெத்தோட்ரெக்சேட் என்ற மருந்துகள் பிள்ளையின் உறுப்புகளையே கெடுக்கலாம். கதிர்வீச்சையும் பெரும்பாலும் பிரசவத்துக்குப் பிறகுதான் வைத்துக்கொள்வார்கள். கடைசி கீமோவுக்கும் பிரசவத்துக்கும் நடுவில் மூன்று வாரமாவது இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தாய்க்கும் பிள்ளைக்கும் இரத்த அணுக்கள் குறைந்திருக்கும் நேரத்தில் பிரசவம் வந்துவிடும். இதற்காகவே புற்றுநோய் மருத்துவரும் மகப்பேறு மருத்துவரும் சேர்ந்து பேசி நாள் குறிக்க வேண்டும்.

தாய்ப்பால் விஷயம்தான் எனக்கு அதிகக் கவலை. கீமோ பாலில் இறங்கும், அதனால் சிகிச்சை நடக்கும்போது கொடுக்கக் கூடாது. தமொக்சிஃபென் தொடங்கினாலும் அப்படியே. பிள்ளை புட்டிப்பாலில் நன்றாக வளரும். ஆனால் பார்க்க வருகிறவர்கள் "பால் கொடுக்கலையா?" என்று கேட்பார்களே, அந்தக் கேள்விக்கு மாமியாராகிய நீ முந்திக்கொண்டு பதில் சொல்லிவிடு. அவள் வாயால் சொல்ல விடாதே. பிரசவ லேகியமும் ஜாமு என்ற மலாய் மூலிகை மருந்தும் பாசத்தோடு வந்து குவியும். டாக்டரிடம் காட்டாமல் ஒன்றும் உள்ளே போகக் கூடாது, சில மூலிகைகள் கீமோவின் வேலையையே மாற்றிவிடும்.

அடுத்த சந்திப்பில் என்னென்ன மருந்து, எந்தத் தேதியில் என்று எழுதி வாங்கி எனக்கு அனுப்பு. பள்ளி விடுமுறை தொடங்கியதும் ரயிலேறி வருகிறேன், மூத்த பேத்தியை என்னோடு இங்கே அழைத்து வந்து வைத்துக்கொள்கிறேன். மகனிடமும் இப்போதே சொல்லி வை.

உன்
சாந்தா