வானவியல் மன்ற ஆண்டறிக்கை: இந்த வருஷம் முழுக்க இன்ஜின் பேச்சுதானுங்க

எல்லாருக்கும் வணக்கமுங்க. வரவு செலவு பொருளாளர் படிப்பாருங்க, நான் நேரா விஷயத்துக்கு வந்தர்றேன். போன பொதுக்குழுவுல ஒரு அக்கா, ராக்கெட் மேல போறத எல்லாரும் பேசறீங்க, அதுக்கப்பறம் அத்தன தூரம் எது தள்ளிட்டுப் போகுதுன்னு கேட்டாங்கல்ல, அதையே வருஷம் பூரா எடுத்துக்கிட்டோம்.

மொதல்ல செவ்வாய்க்கு இஸ்ரோ அனுப்பிச்ச மங்கள்யான். அந்தத் திட்டத்துக்கு இயக்குனரா இருந்த மயில்சாமி அண்ணாதுரை ஐயா நம்ம கோதவாடிக்காரருங்கறதால கூட்டம் நல்லாவே வந்துச்சு. மங்கள்யானோட 440 நியூட்டன் தள்ளுபலம் இருக்கற இன்ஜின் சுமார் 300 நாள் சும்மா கெடந்துட்டு 2014 செப்டம்பர் 24 அன்னைக்கு 24 நிமிஷம் போல எரியோணும், எரிஞ்சாத்தான் செவ்வாய் புடிச்சு வெச்சுக்கும், இல்லீன்னா தாண்டிப் போயிரும். பம்ப்செட் ஒர்க்ஷாப் வெச்சிருக்கற நம்ம அண்ணன் எந்திரிச்சு, "ஏனுங்க, அத்தன மாசம் கெமிக்கல்ல ஊறுன வால்வு மக்கர் பண்ணாதுங்களா?"ன்னாரு. எனக்கு இந்த வருஷத்துலயே ரொம்பப் புடிச்ச கேள்வி அது. இஸ்ரோவுக்கும் அதே கவலைதான், அதனாலயே ரீஸ்டார்ட்டுக்குன்னு இன்னொரு செட் லைனும் வால்வும் போட்டிருந்தாங்க, ரெண்டு நாள் முன்னால 4 செகண்ட் ஓட்டியும் பாத்துக்கிட்டாங்க.

அப்பறம் அயான் இன்ஜின். 2007ல நாசா அனுப்பிச்ச டான் விண்கலம், செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவுல இருக்கற வெஸ்டாங்கற சிறுகோள், சீரிஸ்ங்கற குறுங்கோள் ரெண்டயும் சுத்தி வந்துச்சுங்க. செனான் வாயுவ மின்சாரத்தால மின்னூட்டம் ஏத்தி அயானாக்கி, செகண்டுக்கு 30 கிலோமீட்டர் வேகத்துல பின்னால தள்ளும், சாதா எரிபொருள் இன்ஜின்ல அது மூணு நாலுதான், அதனால கொஞ்சூண்டு வாயு வருஷக்கணக்கா வரும். ஆனா தள்ளற பலம்? ஒரு பாப்பா எடைமெஷின்ல ரெண்டு ஏ4 பேப்பர் வெச்சுக் காமிச்சா, பத்து கிராம், அந்த ரெண்டு பேப்பர் கைய அமுத்தற அளவுக்குக்கூட டான் இன்ஜின் தள்ளாது. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகம் ஏறவே நாலு நாள் ஆகும். நிறுத்தாம தள்ளிட்டே இருக்கறதுதான் அதோட பலம், மொத்தமா அஞ்சு வருஷத்துக்கு மேல ஓடியிருக்கு.

சூரிய வெளிச்சம் தள்ளறதுலயே போற சோலார் பாய்மரம் ஒரு கூட்டத்தோட முடிஞ்சுது, 2010ல ஜப்பான் விட்ட இகாரோஸ் விண்கலம் மட்டும் பேசினோம், இன்னும் பேசியிருக்கலாமுங்க.

வர்ற வருஷம் அணுசக்தி இன்ஜின். வியாழன் கிட்ட வெயில் நம்ம ஊர்ல அடிக்கறதுல 27ல ஒரு பங்குதான், சோலார் பேனல நம்பி அதுக்கும் அப்பால போறது செரமம். டான் மாதிரியே மின்சார இன்ஜின்ல 2023ல கெளம்புன நாசாவோட சைக்கி விண்கலம், அதே பேருள்ள சிறுகோளுக்கு 2029ல போய்ச் சேரோணும், அதையும் கூடவே பாத்துட்டு வருவோம். எடைமெஷின் வெச்ச பாப்பாதான் மொதல் கூட்டத்துல பேசறேன்னிருக்கா, எல்லாரும் வந்துருங்க, சந்தா பாக்கி இருக்கறவங்க அன்னைக்கே கட்டிருங்க.